ஆமை ஏன் இறகை விரித்தது?

பள்ளியில் ஏ.ஐ. சொல்லித்தர வேண்டும் என்று முடிவானதும் முதல் நாளே சாட்பாட்டைத் திறந்து திரையில் காட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் கவிதை கேட்பார்கள், கணக்குக் கேட்பார்கள், ஆசிரியரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு கேட்பார்கள். மணி அடித்துவிடும். வித்தையை முழுசாகக் காட்டியாயிற்று. அதன் சூட்சுமத்தைக் கேட்க அடுத்த வகுப்பில் யாருக்கும் பொறுமை இருக்காது.

சாட்பாட் கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை கோப்பு, அட்டவணை, பகடை உருட்டி வாக்கியம் செய்வது, கேமராவை வைத்து ஒரு மாடலை (உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலை) பழக்கிப் பிறகு அதைக் கெடுப்பது. எட்டாம் வகுப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

கோப்பு எங்கே போயிற்று?

கைபேசியிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் கோப்பு என்று ஒன்று இருப்பதே பல நேரம் தெரியாது. படம் கேலரியில் இருக்கும், பாட்டு ஆப்பில் இருக்கும். இரண்டும் ஓர் இடத்தில் ஒரு பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன என்று யோசிக்க அவசியமே வந்திருக்காது. அதனால் முதல் வகுப்பின் வேலை ஒன்றே ஒன்று: நோட்பேடில் நாலு வரி தட்டி, தானே உருவாக்கிய ஃபோல்டரில் சேமித்து, கணினியை அணைத்து, மறுபடி போட்டு, அந்தக் கோப்பைத் தேடி எடுப்பது. சமீபத்தில் திறந்தவை என்ற பட்டியலைத் தொடக்கூடாது. பலருக்குக் கிடைக்காது. டெஸ்க்டாப்பில் போட்டிருப்பார்கள், டவுன்லோட்ஸில் போட்டிருப்பார்கள், பெயரே வைக்காமல் விட்டிருப்பார்கள். தொலைத்ததைத் தேடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஃபோல்டர் என்றால் என்ன என்பது மண்டையில் ஏறும்.

அடுத்து, அந்தக் கோப்பின் ஷார்ட்கட்டை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்து வேறு கணினியில் திறக்கச் சொல்லுங்கள். திறக்காது. ஷார்ட்கட் என்பது வீட்டு முகவரி எழுதிய சீட்டு. வீடு பழைய கணினியிலேயே இருக்கிறது. பிறகு நிஜக் கோப்பை நகலெடுத்து, நகலில் ஒரு வரியை மாற்றி, மூலத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் மாற்றம் இருக்காது. இரண்டு நகல் இருந்தால் எது புதியது என்ற கேள்வி தானாக வரும். அப்போது பெயரிடும் முறையைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் வைத்தால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று வைக்கிற பழக்கம் பெரியவர்களிடமிருந்துதான் தொற்றுகிறது.

தமிழில் தட்டச்சு செய்யும் வகுப்பில் இன்னொரு சோதனையும் செய்யலாம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பிள்ளைகள் மூன்று என்பார்கள்: த, மி, ழ். பைத்தான் என்ற நிரல்மொழியில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோடில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். அதையே யு.டி.எஃப்-8 முறையில் கோப்பாகச் சேமித்தால் 15 பைட், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்தெழுத்தாக எழுதினால் 5 பைட்தான். யாரும் தப்பாக எண்ணவில்லை; எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. சாட்பாட் தமிழ்ச் சொல்லின் எழுத்துகளை எண்ணும்போது ஏன் தடுமாறுகிறது என்று பின்னால் விளக்க இந்தப் பாடம் கைகொடுக்கும்.

அட்டவணையில் ஒளிந்திருக்கும் பூஜ்யம்

ஏ.ஐ.யைப் பற்றிப் பேசுகிறவர்கள் தரவு, தரவு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஓர் எக்செல் அட்டவணையாகக் கண்ணில் பட வேண்டும். வகுப்பில் ஐந்து பேர் உயரம்: 140, 150, 145, 165. ஐந்தாமவர் அன்று வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி 150. காலியாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் ஒருவர் 0 போட்டால் சராசரி 120 ஆகிவிடும். 165க்குப் பக்கத்தில் 'செ.மீ.' என்று சேர்த்துத் தட்டிவிட்டால் அந்தக் கட்டம் எழுத்தாகிவிடும். சராசரி கணிக்கும் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய் 145 என்று காட்டும். எந்த எச்சரிக்கையும் வராது.

மூன்று விடையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, எது சரி என்று கேளுங்கள். சூத்திரம் மூன்று இடத்திலும் சரியாகத்தான் வேலை செய்தது. கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும். தப்பான தரவைத் தின்ற இயந்திரம் தயங்காமல் பதில் சொல்லும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழி தெரியவில்லை. அலகைக் கட்டத்துக்குள் எழுதக்கூடாது, தலைப்பில்தான் எழுத வேண்டும் என்ற ஒழுங்கையும் கையோடு சொல்லிவிடலாம்.

பகடையும் ஆறு வாக்கியமும்

இந்த வகுப்புக்குக் கணினி வேண்டாம். நாலு பேருக்கு ஒரு பகடை, ஒரு தாள், ஒரு பேனா போதும். கரும்பலகையில் இந்த ஆறு வாக்கியங்களை எழுதுங்கள்:

நாய் வேகமாக ஓடியது.
பூனை வேகமாக ஓடியது.
பூனை மெதுவாக நடந்தது.
ஆமை மெதுவாக நடந்தது.
பறவை மெதுவாக இறகை விரித்தது.
பறவை வேகமாகப் பறந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்து என்ன சொல், எத்தனை தடவை வந்திருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பட்டியல் போட வேண்டும். பொருளைப் பார்க்கவே கூடாது. வாக்கியத்தைத் தொடங்கும் சொல்: நாய் 1, பூனை 2, ஆமை 1, பறவை 2. மொத்தம் ஆறு என்பதால் பகடைக்கு அப்படியே பொருந்தும்: 1 விழுந்தால் நாய், 2 அல்லது 3 பூனை, 4 ஆமை, 5 அல்லது 6 பறவை. பூனைக்குப் பின் 'வேகமாக' ஒன்று, 'மெதுவாக' ஒன்று. பகடையில் பாதிப் பாதி. பறவைக்குப் பின்னும் அப்படியே. 'மெதுவாக' என்பதற்குப் பின் 'நடந்தது' 2, 'இறகை' 1. எனவே 1 முதல் 4 வரை விழுந்தால் நடந்தது, 5 அல்லது 6 விழுந்தால் இறகை. மற்ற சொற்களுக்கு வழி ஒன்றுதான்.

இப்போது உருட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு குழுவிலிருந்து சிரிப்பு வரும்: 'ஆமை மெதுவாக இறகை விரித்தது.' இலக்கணம் சரி. விஷயம் பொய். ஆறு வாக்கியத்தில் எதிலும் இது இல்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. விதியை யாரும் மீறவும் இல்லை.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆமைக்கு இறகு முளைக்க வாய்ப்பு பதினெட்டில் ஒன்று, பூனைக்கு முளைக்கவும் பதினெட்டில் ஒன்று. சேர்த்தால் ஒன்பதில் ஒன்று. 'பறவை மெதுவாக நடந்தது' என்ற வாக்கியமும் கரும்பலகையில் இல்லாத புது வாக்கியம்தான், ஆனால் உலகத்தோடு ஒத்துப்போகிறது. அது வரவும் ஒன்பதில் ஒன்றுதான் வாய்ப்பு. 36 வாக்கியம் செய்தால் சராசரியாக நாலு புது உண்மை, நாலு புதுப் பொய். இரண்டையும் பெற்றெடுத்தது ஒரே பட்டியல். சாட்பாட் சில நேரம் அருமையாக எழுதுகிறது, சில நேரம் கதை விடுகிறது என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். உள்ளே இரண்டு தனித்தனி வேலை நடப்பதில்லை.

இதோடு விட்டுவிட மனம் வராது. பிள்ளைகளே கேட்பார்கள்: ஆமைக்கு இறகு முளைக்காமல் செய்ய முடியாதா? முடியும். இரண்டு வழியையும் அவர்களையே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

முதல் வழி, பகடையைத் தூக்கிப்போட்டுவிட்டு, எப்போதும் அதிகத் தடவை வந்த சொல்லையே எடுப்பது. 'மெதுவாக' என்றால் இனி 'நடந்தது' மட்டும்தான். ஆமை பிழைத்தது. ஆனால் பறவைக்கும் இறகு போய்விட்டது. 'பறவை மெதுவாக' என்று வந்துவிட்டால் அது இனிமேல் நடக்க மட்டும்தான் செய்யும். சாட்பாட் கருவிகளில் அடுத்த சொல்லை எவ்வளவு தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் 'டெம்பரேச்சர்' என்ற அமைப்பைக் குறைத்தால் நடப்பது ஏறக்குறைய இதுதான். பொய் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; பதில் ஒரே தடத்தில் ஓடும் என்பதுதான் நிச்சயம்.

இரண்டாவது வழி, முந்தைய ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல் இரண்டு சொல்லைப் பார்ப்பது. 'ஆமை மெதுவாக' என்பதற்குப் பின் வந்தது 'நடந்தது' மட்டுமே. பொய் அடியோடு நின்றுவிடும். கூடவே புது வாக்கியமும் நின்றுவிடும். இப்போது இந்தப் பட்டியல் கரும்பலகையில் இருந்த ஆறையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும், அவ்வளவுதான். அதிகச் சொற்களைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும், ஒப்பிக்கவும் கூடாது என்றால் ஆறு வாக்கியம் போதாது. சாட்பாட்டுக்குள் இருக்கும் பெரிய மொழி மாடல்களுக்கு ஏன் மலைமலையாக உரை தேவைப்படுகிறது என்று இனி விளக்கவே வேண்டாம். அவை வெறும் எண்ணிக்கைப் பட்டியலை வைத்திருப்பதில்லை. நியூரல் நெட்வொர்க் என்ற கணித வலைப்பின்னலில் எடைகளாக, அதாவது திருத்தித் திருத்திச் சரிசெய்த எண்களாகக் கற்றுக்கொள்கின்றன, நெடுந்தூரம் திரும்பிப் பார்க்கின்றன. ஆனால் அடுத்து வரக்கூடியது எது என்று ஒவ்வொரு துண்டாகத் தேர்ந்தெடுக்கிற வேலை அதேதான்.

கூர்ந்து பார்க்கிற பிள்ளை இன்னொன்றையும் கண்டுபிடிக்கும். ஆறாவது வாக்கியத்தில் 'வேகமாகப்' என்று ஒற்று மிகுந்திருக்கிறது. எண்ணும்போது அது 'வேகமாக' என்பதிலிருந்து வேறு சொல். அந்த ஒரு 'ப்'தான் நாயையும் பூனையையும் பறக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு எண்ணினால் 'வேகமாக' என்பதற்குப் பின் ஓடியது 2, பறந்தது 1. மூன்றில் ஒரு தடவை நாய் பறக்கும். சந்தியும் வேற்றுமை உருபும் சேர்ந்து ஒரே சொல்லைப் பல வடிவமாக்கும் தமிழுக்கு முழுச் சொல்லாக எண்ணுவது சரிப்பட்டு வராது. அதனால்தான் மாடல்கள் சொல்லைச் சிறு துண்டுகளாக நறுக்குகின்றன. அந்தத் துண்டுக்குப் பெயர் டோக்கன்.

கேமராவை ஏமாற்றுவது

இதற்கு கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இணையதளம் போதும். பிரவுசரில் ஓடும், கணக்குத் தொடங்க வேண்டாம், வெப்கேம் இருந்தால் போதும். படங்கள் அந்தக் கணினியின் பிரவுசருக்குள்ளேயே செயலாகின்றன. நாமாகச் சேமித்தாலோ மாடலைப் பதிவேற்றினாலோ தவிர வெளியே போவதில்லை. ஆனாலும் முகத்தை வைத்துச் செய்ய வேண்டாம். பொருட்கள் போதும்.

'பேனா', 'அழிப்பான்' என்று இரண்டு வகுப்பு (மாடல் பிரித்தறிய வேண்டிய வகைகளுக்கு இங்கே அப்படிப் பெயர்). பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படங்கள் சரசரவென்று குவியும். ஒருவர் மூன்று விநாடி பிடித்தார், அடுத்தவர் பதினைந்து விநாடி பிடித்தார் என்றால் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறுமாறாகிவிடும். இரண்டிலும் 40 படம் என்று கணக்கு வைத்து, அதிகமானதை நீக்கச் சொல்லுங்கள். பொருளைத் திருப்பியும் தள்ளியும் கிட்டத்தில் காட்டியும் எடுக்க வேண்டும். ஒரே கோணத்தில் 40 படம் என்பது ஒரே படம்தான். பிறகு பயிற்சிப் பொத்தான். அமைப்பில் 50 சுற்று (எல்லாப் படங்களையும் 50 தடவை பார்ப்பது) என்று இருக்கும், மாற்ற வேண்டாம். பயிற்சி ஓடும்போது வேறு டேபுக்குப் போனால் வேலை நின்றுவிடும். மாட்டிக்கொண்டது என்று கூப்பிடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டதும் கெடுக்கத் தொடங்குங்கள். புது மாடல் ஒன்று: பேனாவை எல்லாம் கரும்பலகைக்கு முன்னால் பிடித்து எடுங்கள், அழிப்பானை எல்லாம் வெள்ளைச் சுவருக்கு முன்னால். பழக்கி முடித்ததும் பின்னணியை மாற்றிக் காட்டுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் பிடித்த பேனாவைப் பெரும்பாலும் அழிப்பான் என்றுதான் சொல்லும். படத்தில் முக்கால்வாசி இடத்தை அடைத்திருப்பது பின்னணி. வித்தியாசம் கண்டுபிடி என்றோம், கண்ணில் பட்ட பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது. அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு செருப்பைக் காட்டுங்கள். அதற்கும் ஏதோ ஒரு வகுப்பில் கணிசமான சதவீதம் போட்டுக் காட்டும், சில நேரம் 95க்கு மேலும் போகும். எல்லா வகுப்பும் சேர்ந்து 100 வந்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டில், 'தெரியாது' என்று சொல்ல அதற்கு இடமே நாம் தரவில்லை. வெறும் மேசை, வெறும் கை, வேறு பொருட்கள் என்று மூன்றாவதாக ஒரு வகுப்பைச் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் தேறும், முழுசாகத் தீராது. காட்டாத பொருள் உலகத்தில் நிறைய இருக்கிறது.

சோதனையை மாடலைப் பழக்கிய குழுவே செய்யக்கூடாது, பக்கத்துக் குழு செய்ய வேண்டும். பொருளுக்கு 20 தடவை காட்டி, நாலு கட்ட அட்டவணையில் கோடு போட்டு வர வேண்டும்: பேனாவைப் பேனா என்றது, பேனாவை அழிப்பான் என்றது, இப்படி. மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 90 பேனா, 10 அழிப்பான் காட்டினால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பேனா என்கிற மாடலுக்கும் 90 சதவீதம் கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு நிஜ உதாரணம் சொல்வது தகும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. நாலு கட்ட அட்டவணையைக் கையால் போட்ட பிள்ளைக்கு, மொத்தச் சராசரியில் இது எப்படி மறைந்துபோகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நாற்பது பேர், பத்துக் கணினி

ஒரு கணினிக்கு நாலு பேர் என்றால் ஒருவர் கையில் மவுஸ் இருக்கும், ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார், இரண்டு பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பகடை, தாள் வேலை, மற்றவர்களுக்குக் கணினி என்று மாற்றிவிடுங்கள். கணினிக்கு இரண்டு பேர்: ஒருவர் தட்டுவார், மற்றவர் சொல்வார், கை வைக்கக்கூடாது. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும், அதற்குக் கடிகாரம் வேண்டும். இல்லாவிட்டால் வேகமான பிள்ளை இடத்தை விடாது. ஆசிரியரும் மவுஸைத் தொடக்கூடாது. நாம் வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் அந்த வேலை நமக்குத்தான் தெரியும், அவர்களுக்கு இல்லை.

கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராட்ச் வகுப்பையும் நடத்துகிறவர்கள் ஆஃப்லைனில் நிறுவும் வடிவத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள், இணையம் போகிற நாளில் உதவும். அதில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் இரண்டு. பந்து தொட்டதா என்று பார்க்கும் நிபந்தனையை 'எப்போதும்' கட்டைக்குள் வைக்காமல் விடுவது. நிரல் தொடங்கியதும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடும். மதிப்பெண்ணைத் தொடக்கத்தில் 0 ஆக்காமல் விடுவது. இரண்டாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் மதிப்பெண்ணோடு தொடங்கும். இரண்டையும் சொல்லித்தராமல் அவர்களே மாட்டிக்கொள்ள விடுவதுதான் நல்லது.

கடைசியில் சாட்பாட்

யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச எல்லையாக வைக்கச் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆசிரியரின் கணினி ஒன்று, திரை ஒன்று என்று வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து கேட்பது போதும். பெயர், முகவரி, தொலைபேசி எண், படம் எதையும் தட்டக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடம் நடந்து முடிந்த ஒரு தலைப்பில் பத்து வரி கேளுங்கள். அச்செடுத்துக் கையில் கொடுத்து, பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் குறியிடச் சொல்லுங்கள்: சரி, தப்பு, புத்தகத்தில் இல்லை. மூன்றாவது குறிதான் முக்கியம். அந்த வரிகளை வேறு இரண்டு இடத்தில் தேடிப் பார்ப்பதுதான் வீட்டுப்பாடம். அதே கேள்வியைப் புது உரையாடலில் மறுபடி கேட்டு இரண்டு பதிலையும் அருகருகே வையுங்கள். வேறுபட்டிருந்தால், ஏன் என்று பகடை வகுப்பில் உட்கார்ந்தவர்களே சொல்லிவிடுவார்கள். தெரியாத தலைப்பில் தொடங்கினால் எல்லா வரியும் சரி போலவே இருக்கும், பயிற்சி வீண்.

கேட்கும் முறைக்கு என்று பெரிய சாஸ்திரம் ஒன்றும் கிடையாது. யாருக்காக, எவ்வளவு நீளம், எது கூடாது, மாதிரிக்கு ஒன்று. இந்த நாலையும் சொன்னால் பதில் உருப்படியாக வரும். ஜாலவித்தைச் சொற்றொடர் பட்டியல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், மாடல் மாறினால் அவை காலாவதி.

வீட்டுப்பாடத்தை ஏ.ஐ. எழுதிக் கொடுத்துவிடுமே என்பதுதான் பள்ளிகளின் பெரிய கவலை. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன் ஏ.ஐ. நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று சொல்லி 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதற்குப் பதில், முதல் வரைவையும் கடைசி வரைவையும் தேதியிட்ட இரண்டு கோப்பாகக் கேளுங்கள். சொல்லித்தந்த கோப்பு ஒழுங்கு இங்கே பயன்படும். பிறகு மூன்று நிமிடம் வாயால் கேளுங்கள். முதல் வரைவில் இருந்த எந்தப் பத்தியை எடுத்தாய்? மூன்றாவது வரியில் உள்ள எண் எங்கிருந்து வந்தது? இந்தச் சொல்லுக்குப் பதில் வேறென்ன போட்டிருக்கலாம்?